மரணச் சங்கத்தைக் கம்பனியாக்கலாமா? சிறிய ஆயுட்காப்புறுதிக் கம்பனிகள் பிழைத்ததும் போனதும்

கரவெட்டியான்

எங்கள் ஊர் மரண சகாய சங்கத்தின் செயலாளர் வேலை இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. 430 குடும்பங்கள். குடும்பத்துக்கு மாதம் 200 ரூபா. ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே 40,000 ரூபா கையில் கொடுத்துவிடுவோம். பந்தல், கதிரை, பாத்திரம் எல்லாம் சங்கத்துடையது.

போன பொதுக்கூட்டத்தில் வெளிநாட்டில் இருந்து வந்திருந்த இருவர் ஒரு யோசனை வைத்தார்கள். வடமராட்சிச் சங்கங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வடக்குக்கென்று ஒரு ஆயுட்காப்புறுதிக் கம்பனி தொடங்க வேண்டுமாம். 40,000 எந்த மூலைக்கு, 10 இலட்சம் கொடுக்கலாம் என்கிறார்கள். "கொழும்புக் கம்பனிகள் எங்கள் காசில் மாடிக்கட்டடம் கட்டுகின்றன, நாங்களே செய்தால் என்ன?" என்றதும் நல்ல கைதட்டல். எனக்கும் ஆசைதான், ஆனால் கணக்குப்பிள்ளை மனம் கொஞ்சம் பயப்படுகிறது.

ஒரு ஊரையோ ஒரு சமூகத்தையோ நம்பித் தொடங்கிய சிறிய ஆயுட்காப்புறுதிக் கம்பனிகள் எங்காவது நின்று பிடித்திருக்கின்றனவா? விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பழைய_முகவர்

தம்பி, முதலில் இலங்கைக் கதையைச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே ஆயுட்காப்புறுதி விற்றவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பனிகள். உள்ளூர் முயற்சி என்று பெயர் சொல்லக்கூடியது 1939இல் வந்த சிலோன் இன்சூரன்ஸ் கம்பனி. அந்தப் பெயரின் சுருக்கம்தான் சிலிங்கோ. பிறகு 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. இலங்கை வங்கியை அரசுடைமையாக்கியதும் மக்கள் வங்கியைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1962 ஜனவரியில் இருந்து புதிய ஆயுட்காப்புறுதி எழுதும் உரிமை கூட்டுத்தாபனத்துக்கு மட்டும். 1964இல் பொதுக் காப்புறுதியும் போய்விட்டது. மற்றக் கம்பனிகளுக்கு மிஞ்சியது பழைய பொலிசிகளை முடியும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை. புதிய ஆட்கள் சேராத ஆயுட்காப்புறுதிக் கம்பனி ஒவ்வொரு ஆண்டும் சிறுத்துக்கொண்டே போகும், வேறு வழியில்லை.

1980களின் கடைசியில் தனியாருக்குத் திரும்பக் கதவு திறந்தது. யூனியன் அஷூரன்ஸ், சிலிங்கோ, சீ.ரீ.சீ. ஈகிள் எல்லாம் அப்போது வந்தவை. ஆனால் அந்த நேரம் யாழ்ப்பாணம் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். கொழும்பில் சந்தை திறந்தபோது எங்கள் பக்கம் றோட்டே மூடித்தான் கிடந்தது.

நான் முகவராகச் சைக்கிளில் திரிந்த காலத்தில் எங்களுடைய ஆட்கள் யாரென்றால் ஆசிரியர்மார், கச்சேரிக் கிளாக்கர்மார், தபால் கந்தோர்க்காரர். சம்பளத்தில் இருந்தே கட்டுப்பணம் கழிபடும், அதனால் கட்டாமல் விட்டுப் பொலிசி லாப்ஸ் ஆகாது, செல்லாமல் போகாது. அநேகமானோர் எடுத்தது எண்டோமென்ட், அதாவது தவணை முடிந்தாலும் இடையில் செத்தாலும் காசு வரும் பொலிசி. சாவுக்காக எடுத்தவர்களைவிட மகளின் கலியாணத்துக்காக எடுத்தவர்கள் அதிகம். விண்ணப்பப் படிவத்தை விரித்ததும் தகப்பன் கேட்கும் முதல் கேள்வி "பிள்ளைக்கு இப்ப நாலு வயசு, எத்தனை வருசத் திட்டம் போடலாம்?" என்பதுதான். தாய் தகப்பன் என்ன வருத்தத்தில் இறந்தார்கள் என்ற பகுதி வரும்போது மட்டும் எல்லோருடைய குரலும் தணிந்துவிடும். எங்கள் ஊரில் யாருடைய தகப்பனும் காசநோயில் இறந்ததில்லை, படிவங்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

சுன்னாகம்_அக்கா

முகவர் ஐயா, கோபிக்க வேண்டாம். அந்த எண்டோமென்ட் கதையின் மிச்சத்தை நான் சொல்கிறேன். என் பெரியப்பா என் மச்சாளுக்காக 10,000 ரூபாவுக்கு எடுத்தார். எடுத்த காலத்தில் அது ஒரு காணித்துண்டின் விலை. முதிர்ந்து கைக்கு வந்தபோது தாலிக்கொடியின் கொளுக்கிக்குத்தான் காணும் என்று பெரியம்மா சிரித்தார். கம்பனி சொன்ன காசைச் சதம் குறையாமல் கொடுத்தது, அதில் குறை சொல்ல முடியாது. ரூபாதான் இடையில் தேய்ந்துவிட்டது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதே, அந்த ஒரு ஆண்டிலேயே எத்தனை பொலிசிகளின் பெறுமதி கரைந்திருக்கும்?

இன்னொன்று. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை. கணவன் வன்னியில் போரின் கடைசிக் காலத்தில் காணாமல் போனவர். அவர் பெயரில் ஒரு பொலிசி இருந்தது. கம்பனி கேட்டது மரணச் சான்றிதழ். 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது, ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவரின் மரணத்தைப் பதியலாம் என்று. பதிந்தால் காசு வரும். ஆனால் பதிவதென்றால் மனுசன் செத்துப்போனார் என்று அவளே கையெழுத்து வைக்க வேண்டும். அவள் வைக்கவில்லை. 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று இன்னொன்று கொண்டுவந்தார்கள். அதற்குள் கட்டுப்பணம் கட்டாமல் பொலிசியே செத்துவிட்டது. அந்தக் கந்தோரில் இருந்த ஒருவருக்கும் அவளுடன் இருந்து ஐந்து நிமிசம் கதைக்க நேரம் இருக்கவில்லை. ஊர்க் கம்பனி என்றால் இதிலாவது வித்தியாசம் இருக்குமா?

ஸ்காபரோ_சிவா

கரவெட்டி அண்ணை, நான் ரொறன்ரோவில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சாவுக் கணக்குப் போட்டுக் கட்டுப்பணம் வைக்கும் ஆக்சுவரி இல்லை, ஆனால் அவர்களின் மேசைக்குப் பக்கத்து மேசை.

500 பேர் கொண்ட சங்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தால் 5 சாவு எதிர்பார்க்கலாம். ஆனால் 8 சாவு விழும் ஆண்டு ஏழு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்தே தீரும். கொள்ளைநோயோ சண்டையோ தேவையில்லை, வெறும் தற்செயல். எதிர்பார்த்ததைவிட 60 வீதம் கூட. 50,000 பேர் இருந்தால் 500 சாவு எதிர்பார்ப்போம். அங்கே 60 வீதம் கூட என்றால் 800. சாதாரண காலத்தில் அது நடக்கவே நடக்காது. 500ஐச் சுற்றி ஐம்பது முன்னப்பின்ன ஆடும், அவ்வளவுதான். 40,000 ரூபா கொடுக்கும்போது மூன்று சாவு கூடினால் 120,000 ரூபா, சேமிப்பில் எடுக்கலாம். 10 இலட்சம் கொடுக்கும்போது அதே மூன்று சாவு 30 இலட்சம். இந்தப் பாரத்தைத்தான் சிறிய கம்பனிகள் மீள்காப்புறுதிக்கு, அதாவது காப்புறுதிக் கம்பனிகளையே காப்புறுதி செய்யும் பெரிய கம்பனிகளுக்குக் கொடுக்கின்றன. அதற்கும் விலை உண்டு.

ஆனால் சிறியது என்பதற்காகவே விழும் என்றில்லை. ஸ்கொட்லாந்தில் 1744இல் திருச்சபைப் போதகர்களின் விதவைகளுக்காக ஒரு நிதி தொடங்கினார்கள். வொலஸ், வெப்ஸ்டர் என்று இரண்டு போதகர்கள், கணக்குப் பார்த்தவர் கணிதப் பேராசிரியர் மக்லோரின். ஏறக்குறைய 930 போதகர்கள்தான். ஆண்டுக்கு எத்தனை பேர் சாவார்கள், எத்தனை விதவைகள் மிஞ்சுவார்கள் என்று பழைய பதிவேடுகளில் இருந்து எடுத்துத்தான் கட்டுப்பணத்தை வைத்தார்கள். இருபது ஆண்டுக்குப் பிறகு நிதியில் இருந்த தொகை முன்கூட்டிப் போட்ட கணக்கோடு அனேகமாக அச்சொட்டாகப் பொருந்தியது. ஆட்தொகை சிறியதுதான். ஆனால் கட்டாயச் சேர்க்கை, நிலையான சம்பளம், நல்ல பதிவேடு மூன்றும் இருந்தன.

அண்ணையின் சங்கத்தில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்பதைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று. ஊரில் இளம் ஆட்கள் இருக்கிறார்களா? என் வகுப்பில் படித்தவர்களில் பாதிப்பேர் இங்கே பனி வழிக்கிறார்கள். போதகர் ஒருவர் செத்தால் அந்த இடத்துக்கு இளம் போதகர் ஒருவர் வருவார். கரவெட்டியில் ஒருவர் செத்தால் அந்த வீட்டுக்குப் பூட்டுத்தான் வருகிறது. மிஞ்சியவர்களின் சராசரி வயது ஆண்டுக்காண்டு ஏறினால் இன்றைக்குச் சரியான கட்டுப்பணம் பத்து ஆண்டில் பிழையாகிவிடும்.

தாவடிப்_பெடியன்

சிவா அண்ணை எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுகிறார். யாழ்ப்பாணத்தால் முடியாததா? கூட்டுறவு மாகாண வங்கி இங்கே 1929இலேயே வந்துவிட்டது. மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரி 1930களில், மலாயாப் பென்சன்காரரின் காசும் உழைப்பும் சேர்ந்து எழுந்தது. வீரசிங்கம் மாஸ்டர் போன்றவர்கள் ஊர் ஊராகச் சங்கம் கட்டிய மண் இது. ஆஸ்பத்திரி நடத்தியவர்களுக்கு இன்சூரன்ஸ் பெரிய விசயமா?

அதோடு ஜனசக்தி தொடங்கியது தமிழர்தானே?

பழைய_முகவர்

1994இல் சந்திரா ஷாஃப்டர் தொடங்கியது. ஆனால் அது தொடக்கத்தில் இருந்தே கொழும்பில் இருந்து முழு நாட்டுக்கும் விற்ற கம்பனி. 2001இல் அரசின் தேசிய காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தையே வாங்கியது, பிறகு 2018இல் தன் பொதுக் காப்புறுதிப் பக்கத்தை அலியான்ஸுக்கு விற்றது. ஊர்க் கம்பனிக்கு அதை உதாரணமாகக் காட்ட முடியாது.

கூட்டுறவு வழியாகப் போனவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சிங்களப் பகுதியைப் பாருங்கள். சணச என்ற சிக்கனக் கடன் கூட்டுறவு இயக்கத்துக்குள் மரணாதார உதவி என்று தொடங்கிய ஒன்று 1991இல் அல்மாவோ என்ற பெயரில் வளர்ந்தது. கரவெட்டித் தம்பி கேட்கும் கதை இதுதான், மரணச் சங்கத்தில் இருந்து கம்பனி வரைக்கும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு பதிவு இல்லாமல் காப்புறுதி வியாபாரம் செய்ய முடியாது என்றானது. அவர்களும் கம்பனியாகப் பதிந்தார்கள், பின்னர் சணச காப்புறுதி என்று பெயர் மாறியது. அவர்களுக்குப் பின்னால் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான சிக்கனக் கடன் சங்கங்கள் நின்றன என்பதை மறக்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் சட்டம் விடவில்லை. 2011 திருத்தத்தின்படி ஆயுளையும் பொதுவையும் ஒரே கம்பனி வைத்திருக்கக் கூடாது, 2015க்குள் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 கோடி ரூபா மூலதனம். 2016இல் இருந்து இடருக்கு ஏற்ற மூலதன விதி வேறு. ஒரு ஆக்சுவரி, கணினி, கணக்காய்வு, அறிக்கைக்கு மேல் அறிக்கை. பத்து இலட்சம் பொலிசி உள்ளவனுக்கும் இந்தச் செலவுதான், பத்தாயிரம் உள்ளவனுக்கும் ஏறக்குறைய இந்தச் செலவுதான். ஊர்ச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்தாலும் 50 கோடி எங்கே இருக்கிறது? வெளிநாட்டுத் தம்பிமார் தருவார்களோ?

தந்தாலும் அந்த மூலதனத்துக்கு அவர்கள் இலாபம் கேட்பார்கள். அப்போது அது சங்கம் இல்லை.

மயிலிட்டி_மணி

மூலதனம் கேட்பது அநியாயம் என்று சொல்லாதீர்கள். இந்தியாவில் 1956க்கு முன் என்ன நடந்தது? சென்னையில் படித்த காலத்தில் மவுண்ட் ரோட்டில் அந்த எல்.ஐ.சி. கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் போவேன். அதைக் கட்டத் தொடங்கியது எல்.ஐ.சி. இல்லை, எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் குழுமம். 1906இல் சென்னையில் பிறந்த யுனைட்டெட் இந்தியா லைஃப் அவர்கள் கையில் இருந்தது. கட்டி முடிவதற்குள் அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 154 இந்தியக் கம்பனிகள், 16 வெளிநாட்டுக் கம்பனிகள், 75 சேமநிதிச் சங்கங்கள், மொத்தம் 245. எல்லாம் ஒரே கூடைக்குள். சுதேசி உணர்ச்சியில் லாகூரிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் முளைத்த சிறிய கம்பனிகளின் முடிவு அதுதான்.

ஏன் எடுத்தார்கள்? பாரத் இன்சூரன்ஸ் கம்பனியின் காசை அதன் முதலாளி டால்மியா தன் வேறு வியாபாரங்களுக்குத் திருப்பியதை 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தார். அடுத்த மாதமே அவசரச் சட்டம். ஆயுட்காப்புறுதியில் காசு முதலில் வரும், கொடுக்க வேண்டிய நாள் இருபது ஆண்டுக்குப் பிறகு வரும். இடையில் அந்தப் பெட்டியின் திறப்பு யார் கையில்? தாவடித் தம்பி, வீரசிங்கம் மாஸ்டர் மாதிரி ஒருவர் எல்லாத் தலைமுறையிலும் கிடைப்பாரா? வட்டிக்கு ஆசைப்பட்டு வைப்பிலிட்ட காசை நிதிக் கம்பனிகளில் தொலைத்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

ஸ்காபரோ_சிவா

மணி அண்ணை சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு வெள்ளைக் கம்பனிகள் ஒழுங்காகப் பொலிசி விற்காத காலத்தில் அவர்களே தொடங்கிய கம்பனிகள் இருந்தன. வட கரோலைனாவின் டர்ஹமில் 1898இல் தொடங்கிய நோர்த் கரோலைனா மியூச்சுவல் அதில் பெரியது. வீடு வீடாகப் போய்ச் சில சதங்களாகச் சேர்த்து, தங்கள் மக்களுக்கு வேலையும் வீட்டுக் கடனும் கொடுத்து, நூறு ஆண்டுக்கு மேல் நின்றது. சம உரிமை வந்ததும் பெரிய கம்பனிகள் அதே மக்களிடம் மலிவாக விற்க வந்தன. நல்ல வாடிக்கையாளரும் நல்ல முகவரும் அங்கே போனார்கள். வயது போனவர்கள் மிஞ்சினார்கள். கடைசியில் மீள்காப்புறுதி ஒப்பந்தம் ஒன்றில் காசு சிக்கி, 2018 டிசம்பரில் நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்குள் போனது.

யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பிறகு இங்கே யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? ஆஸ்பத்திரி வீதியில் போய்ப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். அவர்களோடு போட்டி போட்டா வடமராட்சிக் கம்பனி இளம் ஆட்களைப் பிடிக்கப் போகிறது?

வளர்ந்தால் தப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். அங்கேயும் ஒரு பொறி உண்டு. ஒரு புதிய பொலிசியின் முதலாண்டுக் கட்டுப்பணத்தில் பெரும்பகுதி முகவரின் கமிசனுக்கும் வைத்தியப் பரிசோதனைக்கும் கந்தோர்ச் செலவுக்கும் போய்விடும், அதற்கு மேல் ஒதுக்கு நிதியும் வைக்க வேண்டும். அதனால் வேகமாக விற்கும் சிறிய கம்பனிக்குத்தான் முதலில் காசு முட்டும். இரண்டாம் மூன்றாம் ஆண்டில் ஆட்கள் கட்டாமல் விட்டால் போட்டது திரும்ப வராது. அந்த நேரம் வாங்க ஒரு பெரிய கம்பனி வாசலில் நிற்கும். சீ.ரீ.சீ. ஈகிள், ஈகிள், அவிவா, இப்போது ஏ.ஐ.ஏ. என்று ஒரே பொலிசி எத்தனை பெயர் பார்த்துவிட்டது. அது சின்னக் கம்பனிகூட இல்லை.

தாவடிப்_பெடியன்

சிங்கப்பூர் கிரேட் ஈஸ்டேர்ன்? 1908இல் தொடங்கி இன்னும் இருக்கிறதே.

ஸ்காபரோ_சிவா

இருக்கிறது, நல்லாகவே இருக்கிறது. துறைமுகமும் இறப்பரும் ஈயமும் சம்பளக்காரரும் நாளுக்கு நாள் பெருகிய இடத்தில் தொடங்கியது. ஊரே வளர்ந்தது, கம்பனியும் வளர்ந்தது. இன்றைக்கு அதன் பெரும்பங்கு ஓ.சி.பி.சி. வங்கியிடம். எங்கள் தாத்தாமார் பெட்டி கட்டிப் போனது அந்தப் பக்கம்தானே, சம்பளக்காரரை நாங்கள்தான் ஏற்றுமதி செய்தோம்.

தாவடிப்_பெடியன்

சரி, கம்பனிக் கதையை விடுகிறேன். ஆனால் மரணச் சங்கத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 1995 ஒக்ரோபரில் சண்டையால் வலிகாமமே எழும்பி ஓடியபோது எங்கள் ஊர்ச் சங்கத்துத் தனாதிகாரி வீட்டில் இருந்து எடுத்தது இரண்டு உரப்பை. ஒன்றில் உடுப்பு, மற்றதில் சங்கத்துக் கொப்பிகள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்துகொண்டு யார் எங்கே இருக்கிறார்கள் என்று அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். அங்கே இறந்தவர்களுக்கு முழுத் தொகை கொடுக்க வழியில்லை, பெட்டிக்கு மட்டும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்து விட்ட இடத்தில் இருந்து சந்தா எழுதினார்கள். இன்றைக்கும் அதே சங்கம்தான். கொப்பியைப் பார்த்திருக்கிறேன், மண்ணெண்ணெய் ஊறி மஞ்சளாகிக் கிடக்கிறது.

ஸ்காபரோ_சிவா

தம்பி, உனக்குத் தெரியாமலே நீ விடையைச் சொல்லிவிட்டாய். அந்தச் சங்கம் யாருக்கும் இருபது ஆண்டுக்குப் பிறகு தருவேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஆண்டுச் சந்தா இந்த ஆண்டுச் சாவுக்கு. ஓராண்டு குறைத்துக் கொடுத்தார்கள், ஊர் விளங்கிக்கொண்டது. ரூபா தேய்ந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் சந்தாவையும் கொடுப்பனவையும் கூட்டுவார்கள். கம்பனிக்கு அந்த வசதி கிடையாது. பத்திரத்தில் எழுதியதைக் கொடுத்தே ஆகவேண்டும், அதற்குத்தான் அத்தனை கோடி மூலதனம் கேட்கிறார்கள். இங்கே இறந்த கம்பனிகளில் எதையும் வாடிக்கையாளரின் சாவு கொன்றதாக எனக்குத் தெரியவில்லை. நீண்ட வாக்குறுதியும், அதற்காகச் சேர்த்த காசுக்கு வந்த கேடும்தான் கொன்றன.

சுன்னாகம்_அக்கா

அப்படியென்றால் 40,000 ரூபாவோடு இருக்க வேண்டியதுதானா? பெட்டிக்கும் எட்டுச்செலவுக்கும் அது காணும். உழைக்கிற மனுசன் போனால் அந்தியேட்டி முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வழி?

பழைய_முகவர்

அதற்குக் குழுக் காப்புறுதி இருக்கிறது, பிள்ளை. சங்கம் கம்பனியாக வேண்டியதில்லை. சங்கம் ஒரே பொலிசிதாரராக நின்று, உறுப்பினர் பட்டியலைக் கொடுத்து, ஓராண்டுக்கு ஒரு தொகைக்கு எடுக்கலாம். தொழிற்சாலைகளும் கடன் சங்கங்களும் அப்படித்தான் எடுக்கின்றன. தனி ஆள் பொலிசியைவிட மலிவு, முகவர் செலவு குறைவு, பெரும்பாலும் வைத்தியப் பரிசோதனை இல்லை. ஆண்டு முடிய வேறு கம்பனியிடம் விலை கேட்கலாம். பெரிய கம்பனியின் ஐம்பதாயிரம் பேருக்குள் உங்கள் 430 குடும்பங்களும் கலந்துவிடுவதால் எட்டுச் சாவு விழும் ஆண்டு உங்கள் தலைவலி இல்லை.

கவனிக்க வேண்டியவை சில. வயதெல்லை இருக்கும், அதைத் தாண்டியவர்களை எடுக்க மாட்டார்கள். பட்டியலில் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றும் பொருந்த வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு பெயர், பிரச்சினை அங்கேதான் வரும். பின்னுரித்தாளியின், அதாவது இறந்தால் காசைப் பெற வேண்டியவரின் பெயரை ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காசு வரச் சில கிழமை ஆகும், ஆகவே உங்கள் 40,000 ரூபாவை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். அது அன்றைக்கே போக வேண்டிய காசு.

அக்கா முதலில் சொன்ன அந்தப் பிள்ளையின் விசயத்துக்கும் இது உதவும். கடிதம் எழுதவும் கந்தோருக்குப் போகவும் சங்கத்தில் ஒரு ஆள் இருப்பார். தனியே நிற்கிற பெண்ணைவிட 430 குடும்பத்தின் செயலாளர் கேட்டால் கந்தோரில் கதிரை போடுவார்கள்.

மயிலிட்டி_மணி

குழுப் பொலிசிக் காசு சங்கத்தின் கணக்குக்கு வருமா, குடும்பத்துக்கு நேரே போகுமா என்பதை முதலே எழுதிக்கொள்ளுங்கள். திறப்புக் கதை இங்கேயும் உண்டு.

கரவெட்டியான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நிர்வாகக் குழு கூடியது. கம்பனி யோசனையை வெளிநாட்டு அண்ணைமாரிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்தியாயிற்று, 50 கோடி என்றதும் அவர்களே அமைதியாகிவிட்டார்கள். சந்தாவை 300 ரூபாவாக்கி மரணக் கொடுப்பனவை 50,000 ஆக்கும் தீர்மானம் பொதுக்கூட்டத்துக்குப் போகிறது. மூன்று கம்பனிகளிடம் குழுக் காப்புறுதிக்கு விலை கேட்டிருக்கிறோம், பணம் நேரே பின்னுரித்தாளியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இளம் ஆட்கள் விசயத்தில் சிவா சொன்னது சரி. இடாப்பை எடுத்து வயதைக் கூட்டிப் பார்த்தோம். குடும்பத் தலைவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 65ஐத் தாண்டியவர்கள். அவர்களைக் குழுப் பொலிசிக்குள் எடுக்காவிட்டால் அதற்கான சந்தாப் பங்கை அவர்களிடம் வாங்கலாமா, கூடாதா? வாங்கினால் அநியாயம், வாங்காவிட்டால் இளம் ஆட்கள் கேள்வி கேட்பார்கள். இதற்கு யாராவது வழி சொன்னால் நல்லது, பொதுக்கூட்டத்தில் முதல் எழும்பும் கை அதுவாகத்தான் இருக்கும்.

பழைய_முகவர்

இரண்டு கொப்பி வையுங்கள், தம்பி. மரணச் சந்தா எல்லோருக்கும் ஒன்று. குழுப் பொலிசிக்கு வேறு கொப்பி, சேர்கிறவர் மட்டும் கட்டட்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வயோதிபர் அநேகம் பேர் எப்படியும் அதில் சேரமாட்டார்கள். இல்லாதவர்களின் பட்டியலைத் தனியே எடுங்கள், அந்த அண்ணைமார் கம்பனிக்குப் போட நினைத்த காசில் ஒரு துளியை அங்கே கேட்டுப் பாருங்கோ.